யோர்தான் துறையில் கேட்ட சொல்

ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் படிக்க வருபவர், நெபுகத்னேசர், ஷாத்ராக்கு, ஆபேத்நெகோ போன்ற பெயர்களை நெருங்கும்போது சற்றே தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம். நா இடறுகிறது, முன்வரிசைச் சிறுவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள், வாசகர் ஒருவாறு சமாளித்து அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். அயல்மொழிச் சொல் நாவுக்கு அடங்காமல் போவதன் விளைவு பெரும்பாலும் இவ்வளவே. ஆனால் அதே பழைய ஏற்பாட்டில், ஒரே ஒரு சொல்லின் முதல் எழுத்தைச் சரியாகச் சொல்ல இயலாததற்காக மனிதர்கள் ஆற்றங்கரையில் வெட்டப்பட்ட நிகழ்ச்சியும் எழுதப்பட்டிருக்கிறது. நீதித் தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரம் அது. ஞாயிறு வாசகங்களில் அப்பகுதி இடம்பெறுவதில்லை. ஆகவே நம்மில் பலர் அதைக் கேட்டிருக்கமாட்டோம்.

கதையின் தலைவன் இப்தா. விலைமகளின் மகன் என்று சொல்லி உடன்பிறந்தோர் அவனை வீட்டைவிட்டு விரட்டினர். தோபு என்னும் நாட்டில் வேலையற்ற முரடர்களோடு திரிந்த அவனை, அம்மோனியர் படையெடுத்து வந்தபோது, கிலயாதின் பெரியவர்களே போய் அழைத்தார்கள். அவன் வென்றான். அவ்வெற்றிக்காக அவன் செய்த நேர்ச்சையும், அதற்குப் பலியான மகளின் கண்ணீரும் பலரும் அறிந்தவை. அதன் பின் நிகழ்ந்ததுதான் நம் கவனத்துக்கு உரியது. யோர்தானுக்கு மேற்கே வாழ்ந்த எப்ராயிம் குலத்தார் படைதிரட்டி வந்து, போருக்கு எங்களை ஏன் அழைக்கவில்லை, உன்னையும் உன் வீட்டையும் எரித்துவிடுவோம் என்று மிரட்டினர். அழைத்தபோது நீங்கள் வரவில்லை என்றான் இப்தா. எப்ராயிமர் மேலும் ஓர் ஏளனம் செய்தார்கள்: கிலயாதியராகிய நீங்கள் எங்களிடமிருந்து ஓடிப்போன ஓடுகாலிகள்தானே என்றார்கள். சண்டை மூண்டது. எப்ராயிமர் தோற்றுச் சிதறி, ஆற்றைக் கடந்து ஊர் திரும்ப விரைந்தனர். ஆற்றின் துறைகள் அனைத்தையும் கிலயாதியர் அதற்குள் பிடித்திருந்தனர்.

அக்கரை போகவேண்டும் என்று கேட்டு வந்த ஒவ்வொருவனையும், நீ எப்ராயிமனா என்று வினவினர். இல்லை என்றே ஒவ்வொருவனும் சொன்னான். அப்படியானால் ‘ஷிபோலேத்து’ என்று சொல் என்றார்கள். அவன் வாயில் ‘சிபோலேத்து’ என்றே வந்தது. அங்கேயே அவனைப் பிடித்து வெட்டினார்கள். அந்நாளில் எப்ராயிமில் மாண்டவர் 42,000 பேர் என்கிறது நூல்.

இதே எப்ராயிமர் இதே குறையோடு முன்னொரு காலத்தில் கிதியோனிடமும் வந்திருந்தனர் என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. மிதியானியரோடு பொருதச் சென்றபோது எங்களை ஏன் அழைக்கவில்லை என்று அவரிடமும் சீறினார்கள். கிதியோன் வாளை எடுக்கவில்லை. என் குலத்தின் முழு அறுவடையைவிட உங்கள் திராட்சைத் தோட்டத்தில் பொறுக்கி எடுத்ததே மேலானது என்னும் பொருள்பட ஒரு நயமான சொல்லைச் சொன்னார். அவர்கள் சினம் தணிந்து திரும்பினார்கள். 8ஆம் அதிகாரத்தில் சொல்லால் தீர்ந்த வழக்கு, 12ஆம் அதிகாரத்தில் சொல்லாலேயே கொலையானது. நூலைத் தொகுத்தவர் இரண்டையும் வேண்டுமென்றே எதிரெதிரே வைத்தாரோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

எப்ராயிமரும் கிலயாதியரும் யார்? யோசேப்புக்கு மனாசே, எப்ராயிம் என இரு மைந்தர். மனாசேயின் மகன் மாக்கிர்; மாக்கிரின் மகன் கிலயாது என்று எண்ணிக்கை நூல் கூறுகிறது. அண்ணன் வழியும் தம்பி வழியும். நம் ஊர் வழக்கில் சொன்னால், பங்காளிகள். ஒரே கடவுள், ஒரே மொழி, ஒரே மூதாதை. ஆற்றின் இரு கரையிலும் வாழ்ந்த காலத்தில் பேச்சில் ஒரே ஓர் ஒலி மட்டும் சற்றே விலகிப்போயிருந்தது. அவ்வளவுதான்.

இத்தகைய தேர்வு எங்கே தேவைப்படுகிறது என்பதைக் கவனித்தால் ஒன்று விளங்கும். நிறத்தாலும் உடையாலும் உருவத்தாலும் வேறுபட்டு நிற்கும் அந்நியனை நிறுத்தி எவரும் சொல் கேட்பதில்லை; கண்ணே காட்டிவிடும். கண்ணால் பிரித்தறிய முடியாத அளவுக்கு இருவர் ஒத்திருக்கும் இடத்தில்தான் காது காவலுக்கு வருகிறது. ஆகவே இந்தத் தேர்வு நடந்த இடத்தில் எல்லாம், அது பிரிக்க முயன்ற இருசாராரின் ஒற்றுமைக்கு அதுவே சான்றாகவும் நின்றுவிடுகிறது.

‘ஷிபோலேத்து’ என்பது ஏதோ மறைபொருள் கொண்ட குறிச்சொல் அன்று. எபிரேயத்தில் அதற்குத் தானியக் கதிர் என்று பொருள். பெருக்கெடுத்து ஓடும் நீர் என்றும் ஒரு பொருள் உண்டு. வெள்ளம் என்னை மூழ்கடிக்கிறது என்று முறையிடும் 69ஆம் திருப்பாடலில் இச்சொல் அப்பொருளில் வருகிறது. ஆற்றுத்துறையில் நின்றவர்கள் நீரை எண்ணி இச்சொல்லைத் தேர்ந்தார்களா, கதிரை எண்ணித் தேர்ந்தார்களா, எவரும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. எப்படியாயினும் இரு கரையிலும் அன்றாடம் புழங்கிய சொல். ‘ஷ’வுக்கும் ‘ச’வுக்கும் இடையே வாய்க்குள் உள்ள தொலைவு எவ்வளவு? நாவைப் பல்லருகே வைத்தால் ஒன்று. சற்றே பின்னிழுத்தால் மற்றொன்று. ஒரு நெல்மணியின் நீளம்கூட இராது.

இந்நிகழ்ச்சியைப் பிறமொழிகளில் பெயர்த்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை. கிரேக்கத்தில் ‘ஷ’ என்னும் ஒலியே கிடையாது. எனவே பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் ஒரு படியில் அச்சொல் ‘கதிர்’ என்று பொருள்பெயர்க்கப்பட்டது. இன்னொன்றில் வெறுமனே ‘அடையாளச் சொல்’ என்று ஆகிவிட்டது. புனித எரோணிமுஸ் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில், இதற்குக் கதிர் என்று பொருள் என ஒரு விளக்கத்தைத் தாமே நடுவில் செருகினார். மூல எபிரேயத்தில் அவ்விளக்கம் இல்லை.

தமிழின் நிலை மட்டும் என்ன? ‘ஷ’ நம் நெடுங்கணக்கில் இல்லை. வடசொல்லைத் தமிழில் எடுத்தாளும்போது வடவெழுத்தை நீக்கிவிட வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்தார். கிரந்த எழுத்தொன்றைக் கடன் வாங்காமல் இந்தக் கதையைத் தமிழில் எழுதவே முடியாது. பள்ளி செல்லாத நம் முன்னோர் அந்தத் துறையில் நின்றிருந்தால், அவர்களும் எப்ராயிமரைப் போலவே ‘சிபோலேத்து’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

வேறோர் உண்மையையும் இங்கே நினைவுகூரலாம். அதே முன்னோர் வேற்றுமொழிப் பெயர்களைத் தம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டபோது எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. சேவியர் சவேரியார் ஆனார். சந்தியாகு சந்தியாகப்பர் ஆனார். போர்த்துக்கீசியரின் ‘ழொசே’ சூசையப்பர் ஆனார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு, இலத்தீன் பாடல்களைத் தமிழெழுத்தில் அச்சிட்ட நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு, பொருள் தெரிந்தோ தெரியாமலோ, நம் பாட்டன்மார் உரக்கப் பாடினார்கள். உரோமாபுரியின் உச்சரிப்பு அதில் இருந்திருக்காது. மறுபுறம் வெள்ளையர் நாவில் நம் சோழமண்டலம் ‘கோரமண்டல்’ ஆயிற்று. தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆயிற்று. ழகரம் அவர்களுக்கு இன்றுவரை வசப்படவில்லை. நம்மிலும் எத்தனை பேருக்கு வசப்பட்டிருக்கிறது என்று கேட்காமல் விடுவோம்.

நா ஏன் இப்படி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது? பயிற்சியின்மை என்று பலர் எண்ணுவர். சிக்கல் நாவுக்கு முன்பே காதில் தொடங்கிவிடுகிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் என்னும் ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையில் பெயர்பெற்றது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தி மொழியின் இரண்டு ஒலிகளை, அதாவது நம் ‘ட’வையும் ‘த’வையும் ஒத்தவற்றை, மாறிமாறிக் கேட்கச் செய்தார்கள். அவ்விரண்டின் வேறுபாடு ஆங்கிலேயப் பெரியவர்களின் காதுக்கு எளிதில் எட்டாது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டை உணர்ந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆனபோது அத்திறன் பெருமளவு மறைந்திருந்தது. முதல் பிறந்தநாளுக்குள், தாயின் மடியிலேயே, எவ்வொலிகள் நமக்கு வேண்டும், எவை வேண்டா என்பது ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது என்பது இதனால் தெரிகிறது. யோர்தான் துறையில் வளர்ந்த ஆண்மகனிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு, அவன் தொட்டிலில் கிடந்தபோதே விடை எழுதப்பட்டிருந்தது.

நாம் பெரிய வெள்ளியன்று ஆண்டுதோறும் நினைந்துருகும் பாடுகளின் வரலாற்றிலும் இப்படியொரு காட்சி உண்டு. தலைமைக் குருவின் முற்றத்தில், நம் பாட்டிமார் இராயப்பர் என்று அழைத்த பேதுரு, ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலிக்கிறார். அருகில் நின்றவர்கள் அவரை நம்பவில்லை. உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்கிறார்கள். மத்தேயு நற்செய்தியின் 26ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. காட்டிக்கொடுத்தது எது? யூதர்களின் தால்மூது நூலில் வரும் ஒரு கேலிக்கதை இதற்கு விளக்கம் தருகிறது. கலிலேயர்கள் தொண்டையின் அடியில் பிறக்கும் ஒலிகளை விழுங்கிவிடுவார்களாம். கலிலேயன் ஒருவன் யூதேயாவுக்கு வந்து ‘அமர்’ வாங்கவேண்டும் என்றானாம். முட்டாள் கலிலேயனே, ஏறிச் செல்லக் கழுதையா, குடிக்கத் திராட்சை மதுவா, உடுக்க ஆட்டு உரோமமா, அறுக்க ஆட்டுக்குட்டியா, எது வேண்டும் என்று கேட்டார்களாம். அந்நான்கு சொற்களும் அவன் வாயில் ஒன்றுபோலவே ஒலித்தன. இக்கதை எழுத்தில் வந்தது நூற்றாண்டுகள் கழித்தே எனினும், எருசலேம் நகரத்தார் வடநாட்டு மீனவரின் பேச்சை எப்படிக் கேட்டிருப்பர் என்பதை ஊகிக்க உதவுகிறது.

பேதுரு அன்று உயிர் தப்பினார்; பொய் சொல்லித் தப்பினார், அழுதார். சில வாரங்கள் கழித்து, பெந்தக்கோஸ்து நாளில், அதே எருசலேமில் கூட்டம் வியந்தது எதைக் கண்டு என்பதைத் திருத்தூதர் பணிகள் நூலில் பார்க்கவேண்டும்: பேசுகிற இவர்களெல்லாம் கலிலேயர் அல்லவா என்றே அவர்கள் கேட்டார்கள். பல மொழிகள் கேட்டன என்பது ஒரு வியப்பு. கலிலேயர் வாயில் அவை கேட்டன என்பது அதனினும் பெரிய வியப்பாக அந்நகரத்தாருக்கு இருந்திருக்கும்.

திருச்சபை ஐரோப்பா முழுவதும் பரவிய பின்பு இத்தேர்வு மறைந்ததா என்றால், இல்லை. 1282 மார்ச் 30, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள். சிசிலித் தீவின் பலெர்மோ நகர மதிலுக்கு வெளியே உள்ள தூய ஆவி ஆலயத்தில் மாலைப் புகழ்மாலைக்கு மக்கள் கூடியிருந்தனர். அத்தீவு அப்போது பிரெஞ்சு அரச குடும்பத்தவரான ஆஞ்சு நாட்டுச் சார்லசின் ஆட்சியில் இருந்தது. வரிச்சுமையும் படைவீரரின் அடாவடியும் மக்களை வாட்டின. ஆலய முற்றத்தில் பிரெஞ்சு வீரன் ஒருவன் ஒரு சிசிலியப் பெண்ணிடம் முறைகேடாக நடக்க, கைகலப்பு மூண்டது; மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கொலை தொடங்கியது. விடிவதற்குள் நகரில் ஏறத்தாழ 2,000 பிரெஞ்சுக்காரர் மாண்டனர் என்பர். சந்தேகத்துக்குரியவரை நிறுத்தி ‘சிச்சிரி’ என்று சொல்லச் சொன்னார்களாம். சிசிலிய மொழியில் அதற்குக் கொண்டைக்கடலை என்று பொருள். பிரெஞ்சு நாவில் அது ஒருபோதும் சரியாக வராது.

இதில் நம்மை மிகவும் வருத்துவது துறவு மடங்களில் நடந்ததாகச் சொல்லப்படும் செய்தி. தொமினிக்கு சபை, பிரான்சிஸ்கு சபை மடங்களுக்குள்ளும் கூட்டம் புகுந்து, அயல்நாட்டுத் துறவியரை வெளியே இழுத்து வந்து அதே சொல்லைச் சொல்லச் செய்தது என்பர். முந்தைய இரவுவரை ஒரே பாட்டுமாடத்தில் எதிரெதிரே நின்று ஒரே இலத்தீனில் சங்கீதம் பாடியவர்கள் அவர்கள். ஒரே துறவு உடை, ஒரே வார்த்தைப்பாடு. இலத்தீனில் கேட்டிருந்தால் எவரையும் பிரித்தறிய முடிந்திராது. எனவே கொண்டைக்கடலையிடம் போகவேண்டியதாயிற்று. அந்த ஆலயம் இன்றும் பலெர்மோவில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் நிற்கிறது. நிகழ்ச்சிக்கு வரலாறு இட்ட பெயர் ‘சிசிலிய மாலைப் புகழ்மாலை’. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1302 மே 18 அதிகாலையில், பெல்ஜிய நாட்டுப் புரூஜ் நகரில் பிளெமிய மக்கள் பிரெஞ்சுக் காவற்படையைக் கொன்றதையும் பிற்காலத்தார் ‘புரூஜின் வைகறைப் புகழ்மாலை’ என்றனர். அங்கே கேட்கப்பட்ட சொற்கள் ‘கேடயமும் நண்பனும்’ என்னும் பொருளுடையனவாம். திருப்புகழ்மாலையின் இரு வேளைகள் இரு படுகொலைகளுக்குப் பெயராகிப்போயின.

இவற்றில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்று ஆய்வாளர்கள் ஐயுறுவது நியாயமே. பலெர்மோவிலும் புரூஜிலும் கொல்லப்பட்டோர் பெரும்பாலும் ஆதிக்கம் செலுத்திய படையினர். ஆகவே பங்காளிச் சண்டை என்று நாம் மேலே சொன்னது அங்கே அரைகுறையாகவே பொருந்தும். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நடந்ததொன்று முற்றிலும் பொருந்துகிறது.

கரீபியன் கடலில் இஸ்பானியோலா என்னும் தீவு. மேற்கில் அயித்தி, கிழக்கில் தொமினிக்கன் குடியரசு. ஒரு பக்கம் பிரான்சின் பழைய குடியேற்றம், மறுபக்கம் ஸ்பெயினின் குடியேற்றம். இருபுறமும் மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். எல்லைக்கோடு 1929இல்தான் உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் வடமேற்கு எல்லைப் பகுதியில் அயித்தி வழிவந்தோர் நிலம் திருத்திப் பயிரிட்டு வாழ்ந்தனர். அங்கேயே பிறந்து வளர்ந்தோர் அவர்களில் பலர். இரு மொழியும் பேசினர், சந்தையில் கலந்தனர், பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர்.

தொமினிக்கன் குடியரசை 1930 முதல் தம் பிடியில் வைத்திருந்தவர் இரபாயேல் துருகியோ. தம் நாடு ஸ்பானிய மரபுடைய வெள்ளையர் நாடு என்று பறைசாற்றுவது அவர் அரசியல். அவருடைய தாய்வழிப் பாட்டியோ அயித்தி மரபினர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், எல்லையூரான தஹபோனில் தமக்காக நடந்த விருந்தொன்றில், அயித்தியரை ஒழிக்கும் வேலை தொடங்கிவிட்டது, இனியும் தொடரும் என்று அவர் வெளிப்படையாகவே அறிவித்தார். அடுத்த சில நாட்கள் படைவீரர் எல்லைக் கிராமங்களில் புகுந்தனர். துப்பாக்கி பெரும்பாலும் வெடிக்கவில்லை, வெட்டரிவாளே பயன்பட்டது. உழவர்களே சினந்து செய்த கலகம் என்று பின்னர் சொல்லிக்கொள்வதற்காக அவ்வாறு செய்தார்கள். மாண்டோர் சில ஆயிரம் என்பாரும், 30,000 வரை என்பாரும் உண்டு. 15,000 அளவில் இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கணிப்பு. அமெரிக்கருக்குச் சொந்தமான கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த அயித்தியர்மேல் கை வைக்கப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம். இறந்தவர் சொந்த ஏரும் சிறு நிலமும் கொண்டிருந்தவர்களே.

படைவீரர் கையில் ஒரு தழையை எடுத்துக்காட்டி இது என்ன என்று கேட்டார்களாம். கொத்தமல்லியை ஒத்த பார்ஸ்லி என்னும் கீரை அது. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் ‘பெரெகில்’. நடுவிலுள்ள ரகரத்தை நாநுனியால் தட்டிச் சொல்லவேண்டும். அதையடுத்த ககரத்தைத் தொண்டையிலிருந்து உரசி எழுப்பவேண்டும். அயித்தியரின் கிரியோல் மொழியில் ரகரம் நாவின் பின்புறத்தில் பிறப்பது; நாநுனி அங்கே வேலை செய்வதில்லை. அவர்கள் அக்கீரையைப் ‘பேசி’ என்பார்கள். சொல் சரியாக வராதவர் அயித்தியர், அவர் வெட்டப்படவேண்டியவர்.

ஆனால் எல்லையில் பிறந்து இரு மொழியும் பேசிய பிள்ளை ‘பெரெகில்’ என்பதைப் பழுதின்றிச் சொல்லியிருக்குமே! அங்கேதான் தேர்வின் பொய்ம்மை வெளிப்படுகிறது. தப்பிப் பிழைத்தோரிடமும் எல்லைவாழ் முதியோரிடமும் பின்னாளில் வாக்குமூலம் திரட்டிய வரலாற்றாசிரியர் இரிச்சர்டு தூரிட்ஸ் போன்றோர், வெளியூரிலிருந்து வந்த படையினருக்கு யார் எவர் என்பதே புலப்படவில்லை என்கின்றனர். நிறம் உதவவில்லை; பெயர் உதவவில்லை; ஞானஸ்நானச் சான்றும் உதவவில்லை. கொலை முன்பே முடிவாகியிருந்தது. அதற்கொரு தேர்வின் சாயலைக் கொடுக்கத்தான் கீரை தேவைப்பட்டது. தொமினிக்கன் மக்கள் அந்நாட்களை ‘வெட்டு’ என்றே குறிப்பிட்டனர். அயித்தியர் ‘கத்திக்குத்து’ என்றனர். உள்ளூர்ப் பேச்சில் கீரைக்கு இடமில்லை. ‘பார்ஸ்லிப் படுகொலை’ என்பது வெளியுலகம் பின்னர் இட்ட பெயர்.

எல்லையாற்றுக்கு மறுகரையில், அயித்தியின் உவானமிந்த் ஊரில், எமில் ரொபேர் என்னும் பங்கு குரு இருந்தார். ஆற்றைக் கடந்து வந்து சேர்ந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு, மாண்டவர்களின் பெயர்களை அவர் எழுதினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அவர்களுக்கு எந்த அரசும் கணக்கு வைத்திராத நிலையில், பங்கு அலுவலகத்து ஏட்டுப் பழக்கம் அங்கே உதவியது. 1938இல் இரு அரசுகளும் பேசி 7,50,000 டாலர் இழப்பீடு என்று முடிவு செய்தன. பின்னர் அது 5,25,000 ஆகக் குறைக்கப்பட்டது. பிழைத்தோர் கைக்கு வந்தது ஏதுமில்லை என்றே சொல்லவேண்டும். 1961 மே 30 அன்று துருகியோ சுட்டுக்கொல்லப்படும்வரை அந்நாட்டில் இதைப் பற்றி வாய்திறக்க இயலவில்லை. 2013இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், 1929க்குப் பின் ஆவணமற்ற பெற்றோருக்குப் பிறந்தோர் குடிமக்கள் ஆகார் என்று தீர்ப்பளித்தபோது, அயித்தி வழிவந்தோர் பல்லாயிரவர் பிறந்த நாட்டிலேயே நாடற்றோர் ஆயினர்.

இவ்வளவும் எங்கோ நடந்தவை என்று நூலை மூடிவைக்க நமக்கு உரிமையில்லை. 1983 சூலை இறுதியில், கொழும்பு நகரத் தெருக்களில், வண்டிகளை நிறுத்திய கும்பல்கள் பயணிகளைச் சிங்களச் சொல் சொல்லச் சொன்ன செய்தி பலரால் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. அச்சொற்களுள் பெரிதும் பேசப்படுவது வாளியைக் குறிக்கும் ‘பால்திய’. இதன் முதலெழுத்து நம் ‘பால்’ என்பதிலுள்ள பகரம் அன்று. ‘அம்பு’ என்பதில் கேட்கும் அதிர்வுடைய பகரம். தமிழ் இலக்கணப்படி அந்த அதிர்வொலி சொல்லின் முதலில் வராது. எழுத்திலும் நமக்குப் பகரம் ஒன்றே. பிழைத்துச் சொன்ன தமிழன் அகப்பட்டான். சிங்கள நாளேட்டை வாசிக்கச் சொன்னதும், புத்த சமயத்துப் பாலிச் செய்யுள்களை ஒப்பிக்கச் சொன்னதும் உண்டு. பாலிச் செய்யுள் அறியாத சிங்களக் கத்தோலிக்கர் அந்தக் கேள்விக்கு முன் நின்றிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பதைக் கேட்டவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். அந்நாட்டின் மேற்குக் கரையில், நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை, தமிழில் செபம் கற்ற பாட்டியும் சிங்களத்தில் மறைக்கல்வி பயின்ற பேரப்பிள்ளையும் ஒரே வீட்டில் வாழ்ந்த மீனவக் கத்தோலிக்கக் குடும்பங்கள் எத்தனையோ. அவ்வீடுகளில் இக்கேள்வியை யாரிடம் கேட்பது?

அச்சொல்லின் பிறப்பும் கருதத்தக்கது. ‘பால்திய’ சிங்களத்தின் சொந்தச் சொல் அன்று. போர்த்துக்கீசியரின் ‘பால்தே’ என்னும் சொல்லே சிங்களத்தில் அவ்வாறு திரிந்தது. நமக்கு மேசையும் சன்னலும் அலமாரியும் சாவியும் பாதிரியும் எந்தக் கப்பலில் வந்தனவோ, அதே கப்பலில் கொழும்புக்கு வந்த சொல். பதினாறாம் நூற்றாண்டில் அதை முதன்முதல் கேட்ட சிங்களவரும் தம் நாவுக்கேற்ப வளைத்துத்தான் சொன்னார்கள். போர்த்துக்கீசியர் எவரும் அதற்காக அவர்களை ஆற்றுத்துறையில் நிறுத்தவில்லை.

அந்த வாரத்தில் கொழும்பில் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைச் சிங்கள அயலார் தம் வீடுகளில் மறைத்து வைத்துக் காத்தனர். வாசலில் கும்பல் வந்து வினவியபோது, உள்ளிருந்தோர் வாய் திறவாதிருக்க, வெளியே நின்று மறுமொழி சொன்னவர்கள் அவர்களே.